தவளை தீர்த்து வைத்த வழக்கு

சிறுநீரகத்துக்குள்ள என்ன நடக்குது? 1842-ல் இரண்டு பதில்கள் வந்தன. லண்டனில் பௌமன், நுண்குழாய் முடிச்சு தண்ணீரை மட்டும் விடுகிறது, கழிவைச் சுரப்பது குழாய்ச் சுவர் என்றார். ஜெர்மனியில் லுட்விக்கோ, ரத்த அழுத்தத்தில் புரதம் தவிர மற்றதெல்லாம் வடிகிறது, வேண்டியதைக் குழாய் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்றார்.

அவ்வளவு நீர் வடியுமா என்று ஹைடன்ஹைன் மறுத்தார். நியாயமான சந்தேகம்தான். (இன்றைய கணக்கில் தினம் சுமார் 180 லிட்டர் வடிகிறது, வெளியே வருவது ஒன்றரை லிட்டர்!)

வழக்கு 80 வருஷம் இழுத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேர்னும் ரிச்சர்ட்ஸும் தவளையின் ஒரே ஒரு முடிச்சு உறைக்குள் மெல்லிய கண்ணாடிக் குழலைச் செருகித் துளி நீர் எடுத்தார்கள். 1924-ல் முடிவு வெளியானது. துளியில் சர்க்கரை இருந்தது. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இல்லை. வழியிலேயே ரத்தத்துக்குத் திரும்பிடுச்சு!

பௌமனும் முழுசா தோற்கலை. சில பொருட்களைக் குழாய்ச் சுவர் சுரக்கவும்தான் செய்கிறது.