பெடலின் கிரீச்சொலி: ஒரு ரீமாஸ்டர் விவகாரம்

லெட் செப்பலின் என்கிற பிரிட்டிஷ் ராக் குழுவின் மூன்றாவது இசைத்தட்டு 1970 அக்டோபரில் வந்தது. அதில் 'சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ' என்று ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் ஒரு மெதுவான ப்ளூஸ் பாட்டு. ஜிம்மி பேஜின் கிதாரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பாட்டில் வந்து நிற்காமல் போவதில்லை. ஆனால் ரசிகர்களுக்குள் பல வருஷமாக நடக்கிற சண்டை கிதாரைப் பற்றியது அல்ல. ஜான் பான்ஹம் காலால் மிதிக்கும் டிரம் பெடல் பாட்டு நெடுக 'கிரீச், கிரீச்' என்று கத்துகிறது, அதைப் பற்றியது. லுட்விக் கம்பெனியின் 'ஸ்பீட் கிங்' பெடல் அது. டிரம்மர்கள் அதற்குக் கேலியாக வைத்த பெயர் 'ஸ்க்வீக் கிங்'. கிரீச் ராஜா என்று வைத்துக்கொள்ளலாம்.

1990இல் பேஜ், ஜார்ஜ் மரினோ என்ற ஒலிப் பொறியாளரோடு உட்கார்ந்து பழைய நாடாக்களை ரீமாஸ்டர் செய்தார். 2014இல் ஜான் டேவிஸோடு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒலி துலங்கத் துலங்க கிரீச்சும் துலங்கியது. பேஜே ஒரு பேட்டியில் இதைச் சொல்லி நொந்துகொண்டிருக்கிறார். ரசிகர்களில் ஒரு சாரார், இத்தனை தொழில்நுட்பம் இருந்தும் இதைத் துடைக்க மாட்டார்களா என்கிறார்கள். மறுசாராரோ அதில் கைவைத்தால் பாட்டே செத்துப்போகும் என்கிறார்கள்.

எங்கள் பேரிகையிலிருந்து பாகலூர் வழியாக ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்டு போகிற நண்பர் ஒருவர், பிரஸ் ஷாப்பில் வேலை. பெங்களூரு மெஜஸ்டிக்கில் வாங்கிய எம்பி3 குறுந்தகடுகள் வழியாக இந்த இசைக்குள் வந்தவர். அவர் சொன்னார்: "எண்ணெய் போடல அண்ணா, அவ்ளோதான். மெயின்டனன்ஸ் பார்க்காத மெஷின். ஆனா அந்தச் சத்தம் இருந்தாத்தானே அங்க ஒரு ஆளு உக்காந்து மிதிக்கிறான்னு தெரியுது." ரோலான் பார்த் 1972இல் குரலின் சொரசொரப்பு பற்றி எழுதிய கட்டுரையில், பாடுகிற உடம்பு குரலுக்குள் கேட்பதைப் பற்றிப் பேசுகிறார். நண்பர் பார்த்தைப் படித்தவரில்லை. ஆனால் தினம் எட்டு மணிநேரம் பெடல் மிதித்தவர் என்கிற வகையில் அவருடைய வாசிப்பு பார்த்தினுடையதைவிட ஒரு படி மேலே போகிறது எனலாம். பார்த்துக்கு அது உடம்பு. இவருக்கு அது வேலை.

ரீமாஸ்டர் என்பது என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்த கிதார், டிரம், குரல் எல்லாவற்றையும் கலந்து இரண்டு தடமாக்கினால் அது 'மிக்ஸ்'. அந்தக் கலவையைத் தட்டுக்கும் நாடாவுக்கும் குறுந்தகட்டுக்கும் ஏற்றபடி கனம், கூர்மை, உரப்பு எல்லாம் சரிபார்த்து இறக்குவது 'மாஸ்டர்'. ரீமாஸ்டர் செய்கிறவர் கையில் இருப்பது கலந்து முடித்த குழம்பு. அதிலிருந்து உப்பை மட்டும் எடு என்றால் எடுக்க முடியாது. (இப்போது கணினி மென்பொருள்கள் ஓரளவுக்குப் பிரித்துத் தருகின்றன. அது வேறு கதை.)

இன்னொரு சிக்கலும் உண்டு. எதை 'மூலம்' என்பது? 1969இல் இதே குழுவின் இரண்டாவது இசைத்தட்டை முதலில் வெட்டியவர் ராபர்ட் லுட்விக் என்ற பொறியாளர். அடித்தாளத்தை அடக்காமல் முழுக்கனத்தோடு வெட்டினார். அட்லாண்டிக் கம்பெனி முதலாளி அகமது எர்தெகுனின் மகளுடைய மலிவான பிளேயரில் முள் துள்ளிக் குதித்ததாம். உடனே அந்த வெட்டை நிறுத்தி, கனம் குறைத்து வேறு வெட்டு போட்டார்கள் என்பது லுட்விக் சொல்லும் கதை. உலகம் முழுக்கப் பெரும்பாலோர் கேட்டு வளர்ந்தது அந்தக் கனம் குறைந்த பாட்டை. இன்று 'ஆர்.எல்.' என்று விளிம்பில் கீறிய பழைய தட்டுக்கு ரசிகர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். மலிவான பிளேயருக்காகக் குறைக்கப்பட்ட ஒலி, விலை உயர்ந்த பிளேயர் வைத்திருப்பவருக்குத் தூய மூலமாகத் திரும்பி வருகிறது. ரசனைக்கு வர்க்கம் உண்டா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த முள்ளைப் பார்க்கலாம்.

நமக்கோ மூலம் என்ற ஒன்று எப்போதுமே கிடைத்ததில்லை. 1980களில் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூட ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து வெற்று கேசட்டில் இறக்கித் தருவார்கள். கடைக்காரர் ஈக்வலைசரில் பேஸைக் கூட்டுவார், ட்ரெபிளைத் தூக்குவார். 'அந்தக் கடை ரெக்கார்டிங்' என்று பெயர் வாங்கிய கடைகள் உண்டு. அவர்களும் மாஸ்டரிங் பொறியாளர்கள்தான், யாரும் அப்படிச் சொல்லவில்லை என்பதைத் தவிர. வால்டர் பெஞ்சமின் 1930களில் இயந்திர மறுபிரதியாக்கம் கலையின் ஒளிவட்டத்தை அழிக்கிறது என்றார். ரீமாஸ்டர் வியாபாரம் அந்த ஒளிவட்டத்தை மறுபிரதியிலேயே ஒட்டவைத்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை விற்கிறது. பெஞ்சமின் எதிர்பார்க்காத திருப்பம் இது.

நாடாவின் மூலத்தைத் தேடுகிற இந்த ஆவேசம், பாட்டின் மூலத்தைத் தேடும்போது மட்டும் ஏன் தணிந்துவிடுகிறது? இரண்டாவது இசைத்தட்டின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டு, வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆனது. பிற்பாடுதான் அவர் பெயர் ஏறியது. 1971இன் நான்காம் இசைத்தட்டில் வரும் 'வென் தி லெவி பிரேக்ஸ்', கான்சஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் 1929இல் பதிந்தது. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றிய பாட்டு. அந்த வெள்ளத்தில் கறுப்பின மக்களைக் கரைமேல் முகாம்களில் அடைத்து, துப்பாக்கி முனையில் கரை கட்ட வைத்தார்கள். 1971 தட்டில் மெம்பிஸ் மின்னியின் பெயர் இருந்தது. 1929இல் அதைப் பாடிய மெக்காயின் பெயர் இல்லை. இந்தப் பாட்டின் டிரம்மை மாடிப்படிக்கூடத்தில் வைத்து, மேலே மைக் தொங்கவிட்டுப் பதிந்த கதை எல்லா ரசிகருக்கும் மனப்பாடம். கரையில் மண் சுமந்தவர்களின் கதை அப்படியில்லை.

நம் பக்கம் வருவோம். 1972 அக்டோபரில் பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள இசைக்கலைஞர்களை வைத்துத் தங்கள் இரண்டு பாட்டுகளைப் பதிந்தார்கள். ஒன்று 'ஃப்ரெண்ட்ஸ்'. இன்னொன்று 'ஃபோர் ஸ்டிக்ஸ்' — பான்ஹம் கைக்கு இரண்டாக நான்கு குச்சி பிடித்து அடித்ததால் வந்த பெயர். நாடா பெட்டியில் கிடந்தது. திருட்டுப் பதிவுகளாகச் சுற்றியது. நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, 2015 ஜூலையில் 'கோடா' என்ற தொகுப்பின் ரீமாஸ்டர் பதிப்பில் முறையாக வெளிவந்தது. 'ஃபோர் ஸ்டிக்ஸ்' அங்கே 'ஃபோர் ஹேண்ட்ஸ்' ஆகிவிட்டது, குச்சிகள் கைகளாகிவிட்டன. ஆனால் யாருடைய கைகள்? பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் 'பாம்பே ஆர்க்கெஸ்ட்ரா' என்று இருக்கிறது. ஒரு ஊரும் ஒரு பொதுப்பெயரும்.

இதைக் காலனியச் சுரண்டல் என்று ஒற்றை வரியில் எழுதி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. நம் சினிமாவும் இதையேதான் செய்தது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டில் வரும் கிதாரைக் கேட்டுக் கிதார் வாங்கியவர்கள் எத்தனை பேர்! வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று அப்போது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? இளையராஜா பெயர் தெரியும், எஸ்.பி.பி. பெயர் தெரியும், திரையில் கிதார் பிடித்த மோகன் பெயரும் தெரியும்.

பம்பாய் நாடாவைப் பற்றியும் ரசிகர்கள் இரண்டு பட்டுத்தான் கிடக்கிறார்கள். தபலா தடுமாறுகிறது, ஒத்திகை மாதிரி இருக்கிறது என்று ஒரு கட்சி. தபலாவும் வயலின்களும் வந்தபிறகுதான் 'ஃப்ரெண்ட்ஸ்' முழுப் பாட்டாகிறது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பிரஸ் ஷாப் நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். பேரிகை என்றால் முரசு. அந்த ஊர்க்காரர் தாளத்தைப் பற்றித்தான் ஏதாவது சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது: "இவங்களுக்கு அன்னைக்கு எவ்ளோ குடுத்தாங்க அண்ணா? 2015ல மறுபடி வித்தாங்களே, அப்ப?"