பன்னிரண்டு பேரின் பிடிவாதம்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று சங்கச் செயலாளர் கேட்டதும், சிமெண்ட், கம்பி தவிர நமக்கு என்ன தெரியும் என்று தயங்கினேன். விடுதி மொட்டை மாடியில் நாங்கள் விடிய விடியப் போட்ட வாக்குவாதம் ஒன்று ஞாபகம் வந்தது: அரசன் பெரியவனா, சட்டம் பெரியதா?

இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் ஆண்ட காலம். அரசு ஏற்ற திருச்சபைக்கு வெளியே, வீட்டாரைத் தவிர ஐந்து பேர் கூடி வழிபட்டாலே குற்றம். 1670 ஆகஸ்ட் 14 அன்று லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் குவேக்கர்களின் வழிபாட்டுக் கூடத்தைப் படைவீரர்கள் அடைத்துவிட்டார்கள். 25 வயது வில்லியம் பென் தெருவிலேயே நின்று பிரசங்கம் செய்தார். அவரையும் வில்லியம் மீடையும் கைது செய்து, கலகக் கூட்டம் கூட்டியதாக ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

வழக்கைக் கேட்ட 12 ஜூரர்களும் சாதாரண ஆட்கள். பென் தெருவில் பேசினார், அவ்வளவுதான் என்றார்கள். நீதிபதிகளுக்கு வந்ததே கோபம்! சோறு, தண்ணீர், குளிருக்கு நெருப்பு எதுவும் கொடுக்காமல் இரண்டு ராத்திரி அடைத்து வைத்தார்கள். வெளியே வந்த ஜூரர்கள் குற்றவாளி இல்லை என்று இன்னும் அழுத்தமாகவே சொன்னார்கள். தலைக்கு 40 மார்க் அபராதம். கட்டும்வரை நியூகேட் சிறை.

எட்வர்ட் புஷெல் உள்பட நாலு பேர் கட்ட மாட்டோம் என்று ஆட்கொணர்வு மனு போட்டார்கள். தலைமை நீதிபதி ஜான் வாகன், தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரரைத் தண்டிக்க முடியாது என்று விடுவித்தார். பென் 1681-ல் பென்சில்வேனியாவுக்கு உரிமை பெற்றுப் பெயர் வாங்கினார். 1689-ல் குவேக்கர்களுக்கும் வழிபாட்டு உரிமை கிடைத்தது. கத்தோலிக்கர்களுக்கு அப்போதும் இல்லை.

சில வருடம் முன்பு ஒரு கட்டட வேலையில், சோதனையில் தேறாத கான்கிரீட் க்யூப்களைத் தேறியதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீட்டுக் கடன் கண்முன் வந்து நின்றது. ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். கடைசியில் போடவில்லை. என்னை யாரும் பட்டினி போடவில்லை. வேறு ஊருக்கு மாற்றினார்கள், அவ்வளவே. அன்றைக்குத்தான் புஷெல் எனக்குப் புரிந்தார்.

தம்பி, தங்கைகளே! உரிமைகளைச் சட்டப் புத்தகத்தில் எழுதுவது பெரியவர்கள் வேலையாக இருக்கலாம். அதற்கு முன்னால் யாரோ ஒருவர் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஓல்டு பெய்லியில் இன்றும் அந்த ஜூரர்களுக்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. லண்டன் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.