பட்டம் வாங்காத ஒரு மாணவர்

போன வருஷம் பழைய மாணவர் கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிற தம்பி ஒருவர் பக்கத்தில் வந்து, “அண்ணா, கர்த்தர் நம்மள எதுக்குக் கூப்பிடுறார்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” என்று கேட்டார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. “ஜெபம் பண்ணுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். சீட் கிடைத்து உட்கார்ந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. பைனல் இயரில் ஹாஸ்டல் ஜெபக்குழுவில் எழுந்து நின்று, “நான் முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன்” என்று சொன்னவன் நான். அந்த வருஷமே அப்பா ஓய்வு பெற்றார், தங்கை கல்யாணம் நின்றது, எனக்கு வேலை வந்தது. அந்த வார்த்தையைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

மலர்க் குழுவினர் ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, அந்தத் தம்பிக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதலாம் என்று தோன்றியது. என் கதை இதில் முக்கியமில்லை. வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பவரின் வாலிப நாட்களைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அசரியா 1874 ஆகஸ்டில் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். அப்பா கிராமத்துச் சபைக் குரு. பெற்றோர் நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயர். அன்னாளின் கதை தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். 1889-இல் அப்பா இறந்துவிட்டார், அம்மாதான் வளர்த்தார். பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். இறுதித் தேர்வு நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனது. திரும்ப எழுதவே இல்லை. இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் அத்தியட்சர் ஆகப் போகிறவர் பி.ஏ. முடிக்காதவர்! அரியர் வைத்திருக்கும் தம்பிமார் இதை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

1895-இல், சுமார் 21 வயதில், ஒய்.எம்.சி.ஏ. செயலர் வேலை கிடைத்தது. தென்னிந்தியா முழுக்கப் பிரயாணம், மாணவர் கூட்டங்கள், வேதபாட வகுப்புகள். அந்த நாட்களில்தான் அமெரிக்கரான ஷெர்வுட் எடி நண்பரானார். 14 வருஷம் அந்த வேலையில் இருந்தார். பிடித்த வேலை, நன்றாகச் செய்தார். அழைப்பு என்றால் இதுதான் என்று அவர் நினைத்திருந்தாலும் குறை சொல்ல முடியாது.

திருப்பம் 1902-இல் வந்தது, அதுவும் யாழ்ப்பாணத்தில். அங்கே போனவர் ஒரு விஷயத்தைக் கண்டார். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சொந்தக் காசு போட்டு, கடல் தாண்டி நம் தமிழ்நாட்டுக் கரைக்கே, தொண்டிப் பக்கம், ஊழியரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு பெரியது திருநெல்வேலித் திருச்சபை. அது வெளியே தன் செலவில் யாரையும் அனுப்பவில்லை. வெள்ளைக்கார மிஷனெரிகள் வந்து செய்வார்கள் என்று இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் இதைச் சும்மா விடவில்லை. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்தியரின் பணம், இந்தியரின் ஆட்கள், இந்தியரின் நிர்வாகம் என்பது ஏற்பாடு. 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் உருவானது. அதிலும் முன்னால் நின்றவர்களில் அசரியா ஒருவர்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசித்தது ஒன்று உண்டு. அவருக்கு வந்தது வானத்துச் சத்தமல்ல. ஒரு வெட்கம், கணக்குப் பார்த்தபோது வந்த வெட்கம். ‘சின்னச் சபை செய்கிறது, நாங்கள் ஏன் செய்யவில்லை?’ அவ்வளவுதான். நம் கூட்டங்களில் சாட்சி சொல்லும்போது இந்த மாதிரி சாதாரண விஷயத்தை யாரும் சொல்வதில்லை, சொன்னால் எடுபடாது என்று நினைக்கிறோமோ என்னவோ.

சங்கம் தெரிந்துகொண்ட இடம் ஐதராபாத் நிஜாம் சீமையிலிருந்த டோர்ணக்கல் பகுதி. பாஷை தெலுங்கு. மேடை மேடையாக ஏறி, “யாராவது போக வேண்டும்” என்று அசரியா பேசிக்கொண்டிருந்தார். ஊழியர்கள் போகவும் செய்தார்கள். அவர் செயலராகவே இருந்து பணம் திரட்டியிருக்கலாம், அதுவும் தேவையான வேலைதான். ஆனால் பிறரைப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தவருக்குத் தன்னிடமே கேள்வி வந்துவிட்டது. 1909-இல் ஒய்.எம்.சி.ஏ.வை விட்டார், குருப்பட்டம் பெற்றார், மனைவி அன்பு அம்மாளோடும் பிள்ளைகளோடும் டோர்ணக்கல்லுக்குக் குடிபோனார். அப்போது அவருக்கு 35 வயது. வசதியான வீடு இல்லை, தெரியாத பாஷை. தெலுங்கைப் புதிதாகக் கற்றுக்கொண்டு அதிலேயே பிரசங்கித்தார்.

அன்பு அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படிப்புப் படித்தவர்களில் ஒருவர் அவர். 1898-இல் கல்யாணம். கணவருக்கு வந்த அழைப்பில் பாதிப் பாரம் இவர் தலையில்தான் இறங்கியிருக்கும். நம் புத்தகங்களில் இவருக்கு ஒரு பாராகூடக் கிடைப்பதில்லை.

1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். ஐரோப்பிய மிஷனெரிகள் எங்களுக்கு எல்லாம் கொடுத்தார்கள், நட்பை மட்டும் கொடுக்கவில்லை என்ற பொருளில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். கூடத்தில் எல்லாருக்கும் அது பிடித்துவிடவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். டோர்ணக்கல்லில் மாலா, மாதிகா மக்கள் கிராமம் கிராமமாகச் சபையில் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் இந்த மதமாற்றங்களைப் பற்றிக் காந்தியடிகளோடு கடுமையான கருத்து வேறுபாடு வந்ததும் உண்மை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

டெல்லிக்கு ரயிலில் போகும்போதெல்லாம் விஜயவாடா தாண்டி டோர்ணக்கல் ஜங்ஷனை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷம் முன்னால், ஒரு சைட் வேலை முடிந்து திரும்பும்போது, இறங்கிப் பார்த்தேன். அவர் கட்டிய பேராலயம் அங்கே இருக்கிறது. கோயில் மண்டபத் தூண்களும் மசூதிச் சாயலும் ஒன்றாகக் கலந்த கட்டடம். முடிய எத்தனையோ வருஷம் பிடித்தது. நடுவில் பணம் இல்லை, வேலை நின்றது, திரும்பத் தொடங்கியது. 1939 ஜனவரி 6 அன்றுதான் பிரதிஷ்டை. ஆறு வருஷம் கழித்து, 1945 ஜனவரி 1 அன்று, அவர் அங்கேயே இறந்தார்.

எனக்கு இப்போது 36. என் வேலை அழைப்பா, நான் அழைப்பைத் தட்டிக்கழித்தேனா என்று இன்றைக்கும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பேராலயத்தில் மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் ஜங்ஷன் பெஞ்சில், ரயிலுக்குக் காத்துக்கொண்டு, ஹாஸ்டல் ஜெபக்குழுவில் கூட இருந்த இரண்டு பேருக்கு போன் போட்டேன். 15 வருஷத்துக்கு முன் நான் சொன்ன வார்த்தை இரண்டு பேருக்குமே ஞாபகம் இருந்தது. மூன்று பேரும் அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த மெக்கானிக்கல் தம்பி இதைப் படித்தால், இந்த வருஷக் கூட்டத்தில் என்னைத் தேடி வரட்டும். பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை.