ஒரு குளிசையின் வரலாறு

குருக்கள்மடத்தில் எனக்குச் சின்னம்மா முறையான ஒருவர் இருந்தார். கண்ணின் உட்புற அழற்சியால் பார்வை மங்கிவந்த அவருக்கு, வாரம் ஒருமுறை மட்டும் விழுங்குமாறு வைத்தியர் மெதொட்ரெக்சேற் குளிசை எழுதிக்கொடுத்திருந்தார். நான் பார்க்கச் சென்றபோது குளிசைகள் அரிசிப் பானைக்குப் பின்னால் கிடந்தன.

"மனே, இது கென்சருக்குக் குடுக்கிற மருந்தாம். எனக்கும் அந்த வருத்தந்தான் போல. பிள்ளையளிட்டச் சொல்லிராத" என்றார்.

அவருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால், அச்சத்தால் மருந்தை நிறுத்திய மாதங்களில் ஒரு கண்ணின் பார்வை பெருமளவு போய்விட்டது. அன்று அவருக்குச் சொல்ல முயன்ற வரலாற்றையே இங்கு எழுதுகின்றேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாகத் தரங்குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார் என்பர். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆய்வு செய்தார். 1940இல் லெடர்லே ஆய்வுகூடத்தில் சேர்ந்தார்.

அங்கு அவர் வழிநடத்திய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. உயிரணுக்கள் பெருகுவதற்கு இன்றியமையாத விற்றமின் அது. அதைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைத் தடுக்கும் பொருட்களையும் அக்குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்ரெரினை பொஸ்ரன் வைத்தியர் சிட்னி பாபர் இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர்களுக்குக் கொடுத்தார். 16 பேரில் 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் தென்பட்டதாக 1948 ஜூனில் அறிவித்தார். இரண்டு மாதங்களில், 53 வயதில், சுப்பாராவ் காலமானார். அமினோப்ரெரினின் உடன்பிறப்பே மெதொட்ரெக்சேற்.

புற்றுநோய்க்குப் பெரும் அளவில் வழங்கப்படும் இம்மருந்து, வாரமொரு சிறிய அளவில், உடலையே தாக்கும் நோயெதிர்ப்புச் சக்தியை அடக்குகின்றது. மூட்டுவாதத்திற்கும் கண் அழற்சிக்கும் அது பயன்படுவது இதனாலேயே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வைத்தியர் எஸ். ஆர். ரத்தினமும் பன்னாட்டு ஆய்வாளர்களும் 216 கண் அழற்சி நோயாளரிடம் இதனை விலை கூடிய மைகோபினோலேற் மருந்துடன் ஒப்பிட்டனர். 2019இல் வெளியான முடிவில், மைகோபினோலேற் இதனை விஞ்சவில்லை.

சின்னம்மாவின் துண்டில் இரண்டு மருந்துகள் இருந்தன: மெதொட்ரெக்சேற்றும், அதன் பக்கவிளைவைத் தணிக்கும் போலிக் அமிலமும். இரண்டும் சுப்பாராவின் குழு தந்தவை.

இக்குளிசையை நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வைத்தியரைக் கேளாமல் நிறுத்தினால் கண்ணுக்கு ஆபத்து. மருந்தின் பெயரோடு இந்த இரண்டையும் ஒருவர் அமர்ந்து சொல்லியிருந்தால், அந்தக் கண் தப்பியிருக்கும். நானும் பிந்தியே சென்றேன்.