'மட்டையாகிட்டான், தூங்கட்டும் விடு'.. இந்த வார்த்தை ஏன் ஆபத்து? ஒரேயடியாக குடித்தால் உடலில் நடப்பது என்ன?

"நான் தினமும் குடிக்கிற ஆள் இல்லீங்க. எப்பவாவது ஃப்ரெண்டு கல்யாணம், நியூ இயர்னா மட்டும்தான்." குடிப்பழக்கம் பற்றிக் கேட்டால் பலரும் சொல்லும் பதில் இது. ஆனால் அந்த 'எப்பவாவது' நாளில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் விஷயம். குறுகிய நேரத்தில் மளமளவென குடித்துத் தீர்ப்பதை 'பிஞ்ச் டிரிங்கிங்' என்கிறார்கள். வருஷத்துக்கு நாலு தடவை குடிப்பவரைக்கூட ஒரே ராத்திரியில் ஐசியூவில் படுக்க வைக்கக்கூடியது இது.

எவ்வளவு குடித்தால் 'ஓவர்'?

ஒரே சமயத்தில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் சுத்தமான ஆல்கஹால் உள்ளே போனால், அதை அளவு மீறிய குடி என்று கணக்கில் எடுக்கிறது உலக சுகாதார நிறுவனம். 60 கிராம்னா எவ்வளவு? நம்ம ஊர் கணக்கில் ஒரே ஒரு குவாட்டர்! 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடைக்கு மாற்றினால் சுமார் 61 கிராம் வருகிறது. 'ஒரு குவாட்டர்லாம் ஒரு கணக்கா?' என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பீர்னா பரவாயில்லையா? 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டிலில் ஒன்றரை குடித்தாலே அதே 61 கிராம்தான். இதற்குக் குறைவாகக் குடித்தால் சேஃப் என்றும் அர்த்தம் இல்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என 2023-லேயே அந்த நிறுவனம் சொல்லிவிட்டது.

மோர் குடித்தால் தெளியுமா?

தெளியாது. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமாராக 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் வெளியேற்றும். அரை மணி நேரத்தில் காலி செய்த குவாட்டரைச் சமாளிக்க அதற்கு 6 முதல் 9 மணி நேரம் ஆகும். மோர், எலுமிச்சை, பிளாக் காபி, தலையில் தண்ணீர் ஊற்றுவது.. எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி 12 மணிக்கு இரண்டு குவாட்டரை முடித்தவர், 'தூங்கி எந்திரிச்சாச்சு' என்று காலையில் பைக்கை எடுத்தாலும் போதையில்தான் ஓட்டுகிறார். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் சட்டப்படி குற்றம்.

தூக்கமா, மயக்கமா?

இதுதான் முக்கியமான இடம். குடிப்பதை நிறுத்தியதும் போதை ஏறுவது நிற்காது. கடைசி ரெண்டு ரவுண்டு இன்னும் வயிற்றிலும் குடலிலும்தான் இருக்கும். ஆள் படுத்த பிறகும் அது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். அளவு கூடக்கூட, மூச்சைக் கவனிக்கும் மூளைப் பகுதி மந்தமாகும். தொண்டைக்குள் ஏதாவது போனால் இருமித் தள்ளும் அனிச்சைச் செயலும் வேலை செய்யாது. மல்லாந்து படுத்திருப்பவர் அப்போது வாந்தி எடுத்தால், அது மூச்சுக்குழாய்க்குள் போய் உயிரே போகலாம். சாப்பிடாமல் குடித்த சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும் ஆபத்தும் உண்டு. அந்த மயக்கமும் பார்க்க 'மப்பு' மாதிரியே இருக்கும்!

பிரிட்டன் பாடகி ஏமி வைன்ஹவுஸ் 2011 ஜூலை 23-ம் தேதி லண்டனில் உள்ள வீட்டில் இறந்து கிடந்தார். வயது 27. காலையில் எட்டிப் பார்த்த பாதுகாவலர், தூங்குகிறார் என்றே நினைத்தார். மதியம் பார்த்தபோது மூச்சு இல்லை. ரத்தத்தில் 100 மில்லிக்கு 416 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தது. அங்கே வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 80.

இறப்பதற்கு முன் அவர் சில வாரங்கள் குடிக்காமல் இருந்து, மறுபடி தொடங்கியிருந்தார் என்பதும் விசாரணையில் வெளிவந்தது. கொஞ்ச நாள் நிறுத்தினால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்துவிட்டு, மாலையைக் கழட்டியதும் பழைய அளவிலேயே ஆரம்பிப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

கள்ளச்சாராயம் குடித்தால்தானே உயிர் போகும் என்ற நினைப்பும் நம்மிடம் உண்டு. 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் என்ற விஷம். ஆனால் இங்கே சொல்வது கடையில் சீல் உடைக்காமல் வாங்கிய சரக்கைப் பற்றித்தான்.

என்ன செய்யணும்?

தட்டி, உலுக்கி எழுப்பினாலும் கண் திறக்கவில்லையா? நிமிடத்துக்கு 8 முறைக்கும் குறைவாக மூச்சு விடுகிறாரா? ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் 10 விநாடிக்கு மேல் இடைவெளியா? உடம்பு சில்லிட்டு, உதடு நீலமாகிறதா? வலிப்பு வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-க்கு அழைக்க வேண்டும். 'வீட்டுக்குத் தெரிஞ்சிடும், போலீஸ் வந்துடும்' என்ற பயத்தில்தான் பலர் தாமதிக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் வரும் வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். தண்ணீரோ காபியோ ஊற்றவும் வேண்டாம்.

தினமும் குடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். 'நாளைல இருந்து தொடவே மாட்டேன்' என்று திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்துவதே பாதுகாப்பு. மது மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.