மாத்தளைப் புகையிரதப் பாதையும் அதன் மாதிரி வடிவமும்

பிள்ளைத்தமிழ் நூல்கள் ஆண்பாற் குழந்தைக்கு வகுத்த பருவங்கள் பத்தனுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். பெரியோர் வடம்பிடித்து இழுக்குந் தேரைக் கண்ட சிறுவன் அதனைத் தன் கையளவினதாக ஆக்கி இழுத்து மகிழ்தல் தமிழர் வாழ்வில் நெடுங்காலம் ஊறிய வழக்கமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீராவித் தேர் உலகெங்கும் ஓடத் தொடங்கியபோது அதற்கும் ஒரு சிறுதேர் தோன்றியமை வியப்பன்று. 1891ஆம் ஆண்டு ஜேர்மனி தேயத்து மேர்க்லின் நிலையத்தார் லைப்சிக் சந்தையிலே, தண்டவாளத்தின் அகலத்துக்கு அளவுகள் வகுத்து, விளையாட்டுப் புகையிரதங்களைக் காட்சிக்கு வைத்தனர். இங்கிலாந்திலே பிராங்க் ஹோண்பி என்பார் 1920இல் சாவி முடுக்கி ஓட்டும் வண்டிகளை விற்கத் தொடங்கினார். சிறுவர்க்கென எழுந்த இப்பொருள் விரைவில் முதியோர் கைக்கு மாறிற்று. அவர்கள் வெறும் வண்டியோடு அமையாது, உண்மையான ஒரு பாதையை, அதன் நிலையங்கள், பாலங்கள், மலைச்சரிவுகள் ஆகியவற்றுடன், ஒரே அளவு விகிதத்திற் குறுக்கி அமைக்க முற்பட்டனர். விளையாட்டு ஆராய்ச்சியாக மாறிய இடம் இதுவே. இன்ன ஆண்டில் இன்ன நிலையத்தில் எத்தகைய இயந்திரம் நின்றது என்று வினவுபவன் வரலாற்று மாணவனே ஆவான்.

அத்தகையார் ஒருவர் கண்டியினின்று மாத்தளை செல்லும் பாதையை மேசைமேல் அமைக்க விரும்பின், முதலில் எதிர்ப்படும் இடர் தண்டவாளத்தின் அகலம். இங்கிலாந்தில் இருப்புப் பாதையின் அகலம் நான்கு அடி எட்டரை அங்குலம். இலங்கையின் முதன்மைப் பாதைகளோ இந்தியப் பெரும் பாதைகளைப் போன்று ஐந்தரை அடி அகலம் உடையன. ஆங்கிலேயர் பெரிதும் கையாளும் மாதிரி அளவில் ஓர் அடி நான்கு மில்லிமீற்றராகக் குறுகும். அஃதாவது உண்மையின் எழுபத்தாறில் ஒரு பங்கு. இவ்வளவின்படி இலங்கைத் தண்டவாளம் 22 மில்லிமீற்றர் அகலம் இருத்தல் வேண்டும். கடைகளிற் கிடைப்பதோ 16.5 மில்லிமீற்றர். நாலில் ஒரு பங்கு குறைகின்றது! இங்கிலாந்துப் பாதைக்கே இத்தண்டவாளம் சற்றுக் குறுகியதுதான். எனினும் அக்குறை கண்ணுக்குப் புலப்படுவது அரிது. நம் நாட்டுப் பாதைக்கு அதனைக் கொள்ளின், பருத்த யானையொன்றை நெருக்கமான நான்கு முளைகளின்மேல் நிறுத்தினாற் போலும். ஆதலின் இலங்கைப் பாதையை மெய்யாகச் செய்யக் கருதுவோன் தண்டவாளத்தைத் தானே இழைத்துக்கொள்ள வேண்டியவனாகின்றான்.

இனி, அப்பாதை எழுந்த வரலாற்றை நோக்குவாம். 1858ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 3ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட் முதல் மண்ணை வெட்டினார். கம்பனியொன்று தொடங்கிய வேலை பின்னர் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. 1864ஆம் ஆண்டு திசெம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடிற்று. கடுகண்ணாவை மலையை நாற்பத்தைந்துக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில் கடந்து 1867இல் பாதை கண்டியை அடைந்தது. இவ்வளவும் கோப்பியின் பொருட்டே. மாட்டு வண்டிகளில் வாரக்கணக்காகத் துறைமுகம் நோக்கி ஊர்ந்த கோப்பி மூடைகள் ஒரே நாளிற் சென்று சேரவேண்டும் என்பது தோட்டத்துரைமாரின் வேட்கை. மாத்தளைக் கிளைப்பாதை 1880இல் திறக்கப்பட்டது. கண்டியிலிருந்து மகாவலி கங்கையைக் கடந்து, கட்டுகஸ்தோட்டை, வத்துகாமம், உக்குவளை வழியாக அது மாத்தளைக்கு இறங்குகின்றது. ஆயின் காலத்தின் கூத்தை என்னென்பது! கோப்பி இலையைத் தின்னும் பூஞ்சண நோய் 1869இலேயே இலங்கையில் தோன்றிவிட்டது. மாத்தளைக்கு வண்டி வந்த காலத்திலே கோப்பித் தோட்டங்கள் பட்டுக்கொண்டிருந்தன. கோப்பிக்கென இட்ட தண்டவாளம் பின்னர்த் தேயிலையையும் கொக்கோவையும் இறப்பரையும் சுமந்து தன் கடனை அடைத்தது.

அக்கோப்பிச் செடிகளை நட்டவரும் பறித்தவரும் எவ்வழி வந்தனர்? தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு, தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, மதவாச்சி, தம்புள்ளை, நாலந்தை வழியாக நூறு மைலுக்கும் மேற்பட்ட காட்டுப் பாதையைக் கால்நடையாகக் கடந்து மாத்தளைக்கு வந்தனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். நடந்து வந்தோர்க்கு மாத்தளை மலைநாட்டின் தலைவாயில். உயிருடன் வந்து சேர்ந்தமைக்கு நன்றி செலுத்தும் இடமும் அதுவே. இன்று பஞ்சரத பவனியாற் புகழ்பெற்ற மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அவர்தம் வழிபாட்டோடு பிணைந்து வளர்ந்ததாகும்.

மூடைகளுக்கு வண்டி வந்தது. மூடைகளை நிரப்பியவர்க்கு அஃது உடனே வரவில்லை. மாத்தளைக்கு வடக்கே தண்டவாளம் ஒரு முழமும் நீளவில்லை. யாழ்ப்பாணம் நோக்கிய வடபாதை பொல்காவலையிற் பிரிந்து, 1894இல் குருநாகலை அடைந்து, 1905இல் காங்கேசன்துறை வரை முற்றுப்பெற்றது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் கப்பற் போக்குவரத்தும் ஒருங்கே அமைந்தபின் தொழிலாளர் வண்டியிலேயே மலையகம் சேரலாயினர். அதனால் மாத்தளையின் நிலையே மாறிற்று. வாயிலாக இருந்த ஊர் ஒரு கிளைப்பாதையின் கடைநிலையம் ஆயிற்று.

இயந்திரங்களைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். ஆர்வலர் நெஞ்சம் அங்கேயன்றோ உள்ளது! நாலு முன்சக்கரமும் ஆறு இயக்குசக்கரமும் உடைய ‘பி 1’ வகை இயந்திரங்கள் இலங்கையில் நெடுநாள் உழைத்தன. அவற்றுட் சில ‘சேர் தோமஸ் மெயிற்லண்ட்’ போன்ற தேசாதிபதிகளின் பெயரைத் தாங்கின. மலைப்பாதைக்கென மான்செஸ்டர் நகரத்துப் பேயர் பீக்கொக் நிலையத்தார் 1927இல் ‘கரட்’ என்னும் வகையில் ஒன்றையும், 1945இல் மேலும் எட்டையும் ஆக்கித் தந்தனர். கரட் இயந்திரத்திற் கொதிகலன் நடுவே தொங்கும். அதன் முன்னும் பின்னும் தனித்தனியே திரும்பவல்ல இரு சக்கரத் தொகுதிகள் அமையும். இவ்வாற்றால் பாரம் பல அச்சுக்களிற் பகிரப்படும். நீண்ட உடலும் கூரிய வளைவிலே தடையின்றித் திரும்பும். பின்னர், பி. டி. ரம்பாலா அவர்கள் தலைமையில் டீசல் யுகம் தொடங்கிற்று. 1954இல் கனடாவிலிருந்து வந்த ‘எம் 2’ வகை இயந்திரங்கள் ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என அந்நாட்டு மாகாணங்களின் பெயரைப் பெற்றன. அவ்வரிசையின் இயந்திரம் ஒன்றுக்குக் ‘காங்கேசன்துறை’ என்று பெயரிட்டமை வடபாதையை அறிந்தோர்க்கு இன்பந் தருவதொன்று. புகையிரதச் சேவையின் நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2014இல் கடுகண்ணாவையில் நிறுவப்பட்ட காட்சிச்சாலை பழைய இயந்திரங்கள் சிலவற்றை அழிவினின்றும் காத்தது.

மாதிரி அமைப்போனுக்கு மீண்டும் வருவோம். கண்டியிலிருந்து மாத்தளை ஏறக்குறைய 17 மைல். மேற்சொன்ன அளவிற் குறுக்கினும் அது 1,100 அடிக்கு மேல் நீளும். எந்த வீட்டிலும் அடங்காது. ஆகவே அவன் சிலவற்றைக் கொண்டு பலவற்றைத் தள்ளுகின்றான்; ஆற்றுப் பாலத்தை வைத்துப் பத்து வளைவுகளை விடுகின்றான். ஓர் ஆண்டையும் அவன் தெரிந்துகொள்ளல் வேண்டும். 1881 எனின் மேடையிற் கோப்பி மூடைகள் அருகியிருக்கும். 1930 எனின் தேயிலைப் பெட்டிகளும் கொக்கோச் சாக்குகளும் நிறைந்திருக்கும். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அதன்பின் வந்த ஆண்டுகளுள் ஒன்றைத் தெரிவானாயின், தகரப் பெட்டியுடன் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட குடும்பங்களையும் மேடையில் நிறுத்தாது அவ்வாண்டைக் காட்டினேன் என்று அவன் சொல்லல் இயலாது. தோட்டமக்கள் ‘கோச்சி’ என்றழைத்த வண்டி அவர்களுள் எத்தனையோ பேரை உறவினின்றும் பிரித்துக் கொண்டுசென்றது.

இயந்திரத்தின் ஆணி ஒவ்வொன்றையும் எண்ணிப் பொருத்தும் ஆர்வலர், மேடையில் நிற்கும் மனிதரை எண்ணிப் பார்ப்பது அரிதாகவே உள்ளது. கருவியில் ஈடுபட்ட உள்ளத்துக்கு இஃது இயற்கை எனினும், மாத்தளையைப் பொறுத்தவரை பெருங்குறையே. நடந்து வந்தோர் விட்டுச்சென்ற இயந்திரம் யாதுமில்லை. காட்சிச்சாலையில் நிறுத்தற்குரியதும் ஒன்றில்லை. அவர்தம் காட்டுவழியை அதே அளவில் அமைக்கப் புகின் ஒன்றேகால் மைலுக்கு மேல் நிலம் வேண்டும். அவ்வழியில் வைக்கத்தக்க மனித உரு, ஐந்தரை அடி ஆளுக்கு, 22 மில்லிமீற்றர் உயரம். மாத்தளைத் தண்டவாளத்தின் அகலமும் அதுவே.