அவதானக் கலையும் மனவளமும்

மனத்தை வளர்க்கும் வழி யாது என்னும் வினாவிற்குத் தமிழ்ப் புலமை மரபு தந்த விடைகளுள் ஒன்று அவதானக் கலை. இன்று 'கவனகம்' எனவும் வழங்கும் இக்கலை, ஒரே அமர்வில் பல செயல்களின்மீது கருத்தைச் செலுத்தி, அவற்றைப் பிழையின்றி நிறைவேற்றுவதாகும். எட்டுச் செயல்கள் அட்டாவதானம், பதினாறு சோடசாவதானம், நூறு சதாவதானம். 'விநோதரச மஞ்சரி' இயற்றிய அட்டாவதானம் வீராசாமி செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர் சோடசாவதானம் சுப்பராயச் செட்டியார் ஆகியோரின் பெயர்களோடு இவ்வடைமொழிகள் ஒன்றி நின்றமை, 19ஆம் நூற்றாண்டுப் புலமையுலகம் இக்கலையை எத்துணை மதித்தது என்பதைக் காட்டும்.

அவதானியைச் சூழப் பலர் அமர்ந்திருப்பர். ஒருவர் வெண்பாவிற்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் இலக்கிய ஐயம் வினவுவார். ஒருவர் சதுரங்கம் ஆடுவார். பின்னிருந்து ஒருவர் முதுகின்மேல் சிறு கற்களை எறிவார். இடையிடையே மணி ஒலிக்கும். கற்களின் எண்ணிக்கையையும் மணியோசையின் எண்ணிக்கையையும் இறுதியில் அவதானி கூறல் வேண்டும். பாடுவதற்குப் படைப்பாற்றல், ஐயம் களைவதற்குக் கல்வி, காய் நகர்த்துவதற்குச் சூழ்ந்தெண்ணும் திறன் என மூன்றும் ஒருங்கே தொழிற்பட்டாலன்றி இக்கலை கைகூடாது.

இதனைச் செய்து காட்டியவருள் தலைசிறந்தவர் செய்குத்தம்பிப் பாவலர். 1874இல் இடலாக்குடியில் பிறந்தார். அவ்வூர் அன்று திருவிதாங்கூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால் பள்ளியில் அவர் கற்றது மலையாளமே. தமிழைச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தனியே பயின்றார். பின்னர்ச் சீறாப்புராணத்திற்கு உரை கண்டார். வள்ளலாரின் அருட்பாவிற்காகவும் மேடையேறி வாதிட்டார். 10.3.1907 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார்.

அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. துருக்கனுக்கு இராமன் துணைவன் எனப் பொருள்படும் ஈற்றடியை ஒருவர் கொடுத்தார். இசுலாமியரான புலவரை இடர்ப்படுத்தும் பொறி அது. பாவலரோ முந்தைய அடியின் இறுதியில் ஓர் ஓசையைச் சேர்த்துத் 'துருக்கன்' என்பதைச் 'சத்துருக்கன்' ஆக்கினார். இராமன் தன் தம்பிக்குத் துணையானான், வெண்பாவும் நிறைவுற்றது. இராமகாதை அறிவும், சொல்லைப் பிரிக்கும் யாப்பறிவும், எதிராளியின் நோக்கறிந்து வழி காணும் கூர்மையும் அவ்வோர் ஓசையில் கூடின.

"நூல் கையில் இருக்க, நினைவில் எதற்கு?" என்று அண்மையில் என் வகுப்பில் மாணவி ஒருத்தி வினவினாள். நூலைப் புரட்டிப் பார்க்கும் நிலையில் பாவலர் இருந்திருப்பின், அவ்வெண்பா அந்த அவையில் பிறந்திராது என்றேன். நெஞ்சில் உள்ளதைக் கொண்டே நெஞ்சு புதியது படைக்கிறது. பொருளுணராமல் உருப்போடுவதை நாம் விலக்கியது நன்றே. அதனோடு உணர்ந்து நெஞ்சில் நிறுத்தும் பழக்கத்தையும் விலக்கியது இழப்பே.

அவதானப் பாக்கள் யாவும் உயர்ந்த கவிதைகள் அல்ல. பல அவை கலைந்ததும் மறைந்தன. எனினும், அவற்றை ஆக்கிய மனப்பயிற்சி மறையலாகாது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், இனிக் கூட்டந்தோறும் ஓர் ஈற்றடி கொடுத்து, தாளின்றி ஒரு வெண்பாவேனும் பாடச் செய்யுமாயின், அதுவே அம்முன்னோர்க்கு நாம் செலுத்தும் தக்க நன்றியாகும்.